கல்லூரி வாசலும் முதல் மாதச் செலவும்



தோட்டத்திலே பிள்ளை வளர்க்கும் ஒவ்வொரு வீட்டிலும் என்றாவது ஒருநாள் எழுகின்ற கேள்வியைப் பற்றி இன்று பேசப் போகிறோம். பிள்ளை எஸ்.பி.எம். தேர்விலே நல்ல தேர்ச்சி பெற்றுவிட்டது. உயர்கல்விக்கு இடம் கிடைத்திருப்பதாகத் தகவலும் வந்துவிட்டது. அக்கம்பக்கத்தார் வாழ்த்திவிட்டுப் போகிறார்கள். அவர்கள் போன பிறகு, தாயும் தகப்பனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக் கொள்கிறார்கள். "சேர்ப்பதற்குப் பணம் எங்கே?" என்பதுதான் அந்தக் கேள்வி.

இதைப் பணக் கேள்வி என்று மட்டும் எண்ணிவிடக் கூடாது. இது காலக் கேள்வியும் ஆகும். எவ்வளவு பணம் வேண்டும் என்பதைப் போலவே, எப்போது வேண்டும் என்பதும் முக்கியம். அதை அறிந்துகொண்ட குடும்பம், சிறிய வருமானத்திலும் கரையேறிவிடும். அறியாத குடும்பம், பிள்ளை பட்டம் வாங்குவதற்கு முன்பே கடனில் மூழ்கிவிடும். ஆகவே, சற்று நிதானமாக எண்ணிப் பார்ப்போம்.

முதலிலே, நாம் எங்கிருந்து எங்கே வந்திருக்கிறோம் என்பதை நினைவுபடுத்திக் கொள்வது நல்லது. பினாங்கில், ஜார்ஜ்டவுன் நகரத்திலே 1816ஆம் ஆண்டு பினாங்கு ஃபிரீ ஸ்கூல் தொடங்கப்பட்டது. அங்கே தமிழ் வகுப்பும் நடத்தப்பட்டது. அதையே இந்நாட்டுத் தமிழ்க் கல்வியின் தொடக்கமாகக் கொண்டு, 2016ஆம் ஆண்டிலே இருநூறாண்டு நிறைவைக் கொண்டாடினோம். ஆனால் கடலுக்கு அந்தப் பக்கம், செபராங் பிறையிலே கரும்புத் தோட்டங்களிலும் பின்னர் ரப்பர் தோட்டங்களிலும் உழைத்த நம் முன்னோரின் பிள்ளைகளுக்கு, கல்வி என்பது லயத்து ஓரத்திலே இருந்த ஒரு சிறிய பள்ளிக்கூடம்தான். எழுத்துக் கூட்டிப் படிக்கவும் கணக்குப் போடவும் கற்றுக்கொண்டால் போதும், பிறகு பால்வாளியைத் தூக்கிக்கொண்டு வெட்டுக்குப் போகலாம் என்பதுதான் அன்றைய நிலை.

இன்று காட்சி மாறிவிட்டது. 1969ஆம் ஆண்டிலே பினாங்குக்கென்று ஒரு பல்கலைக்கழகம் வந்தது. அதுதான் யு.எஸ்.எம். என்று நாம் சொல்கிற மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம். அதன் பொறியியல் வளாகம் எங்கே இருக்கிறது தெரியுமா? நிபோங் திபாலிலே, திரான்ஸ்கிரியான் பகுதியிலே இருக்கிறது. திரான்ஸ்கிரியான், பைராம், கெலிடோனியா என்ற பெயர்களெல்லாம் நமக்குத் தோட்டத்துப் பெயர்களாகவே பழக்கமானவை. தோட்டத்துப் பக்கத்திலேயே பொறியியல் பல்கலைக்கழகம் வந்து நிற்கிறது. பெர்மாத்தாங் பாவிலே போலிடெக்னிக் இருக்கிறது. கெப்பாளா பத்தாசிலே மெட்ரிகுலேஷன் கல்லூரி இருக்கிறது. நிபோங் திபாலிலே சமூகக் கல்லூரி இருக்கிறது. 1989ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட பினாங்குத் திறன் மேம்பாட்டு மையம் பாயான் லெப்பாசிலே தொழிற்பயிற்சி தருகிறது. ஒரு காலத்திலே தோட்டமாக இருந்த பத்து காவான் மண்ணிலே இன்று பெரிய பெரிய தொழிற்சாலைகள் எழும்பியிருக்கின்றன. அங்கே பயிற்சி பெற்ற கைகளுக்குத்தான் நல்ல சம்பளம்.

வாசல்கள் அருகிலேயே வந்துவிட்டன. அப்படியானால் நம் பிள்ளைகளைத் தடுப்பது எது? பல வீடுகளிலே தடுப்பது வாசற்படிதான். அதாவது, உள்ளே காலெடுத்து வைக்கின்ற அந்த முதல் மாதச் செலவு.

இதைச் சற்று விளக்கமாகப் பார்ப்போம். அரசாங்கப் பல்கலைக்கழகத்திலோ போலிடெக்னிக்கிலோ படிக்கிற பிள்ளைக்கு, கல்விச் செலவின் பெரும்பகுதியை அரசாங்கமே ஏற்றுக்கொள்கிறது. குடும்பம் கட்டுகின்ற கட்டணம் அதிலே ஒரு சிறு பங்குதான். ஆறாம் படிவத்திலே சேர்ந்து எஸ்.டி.பி.எம். எழுதுவதென்றால் செலவு இன்னும் குறைவு. ஆனால் கட்டணம் மட்டுமா செலவு? பதிவுப் பணம் இருக்கிறது. விடுதிப் பணம் இருக்கிறது. மடிக்கணினி இல்லாமல் இன்று எந்தப் படிப்பும் நடப்பதில்லை. போய்ச் சேருவதற்குப் பேருந்துச் செலவு, மாற்றிக் கட்ட நாலு நல்ல துணி, முதல் மாதச் சாப்பாடு. இவை அத்தனையும் ஒரே மாதத்திலே வந்து வாசலில் நிற்கும்.

அரசாங்கக் கல்விக் கடன் இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். ஆம், இருக்கிறது. பி.டி.பி.டி.என். என்ற தேசிய உயர்கல்வி நிதிக் கழகம் 1997ஆம் ஆண்டிலே அமைக்கப்பட்டது. அது மிகப் பெரிய உதவிதான். ஆனால் அந்தப் பணம், பிள்ளை கல்லூரியிலே பதிந்து, விண்ணப்பம் ஏற்கப்பட்டு, ஒப்பந்தம் கையெழுத்தான பிறகுதான் கைக்கு வரும். அதுவரை இடையிலே சில வாரங்கள், சில நேரங்களிலே சில மாதங்கள் ஓடிவிடும். நம் குடும்பங்கள் சறுக்கி விழுகின்ற இடம் அந்த இடைவெளிதான். "கடன் வந்ததும் திருப்பிக் கட்டிவிடலாம்" என்ற எண்ணத்தோடு வட்டிக்காரரிடம் போகிறார்கள். ஒரு மாதத்துக்கென்று வாங்கிய பணம், ஓராண்டுத் துன்பமாகிவிடுகிறது.

இங்கே நாம் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். முதல் மாதச் செலவுக்கு 3,000 வெள்ளி தேவை என்று வைத்துக்கொள்வோம். சட்டத்துக்குப் புறம்பான வட்டி முதலை ஒருவர் மாதம் நூற்றுக்குப் பத்து கேட்கிறார் என்றால், மாத வட்டி 300 வெள்ளி. ஓராண்டிலே 3,600 வெள்ளி வட்டியாகவே போய்விடும். வாங்கிய 3,000 வெள்ளி அப்படியே நிற்கும். அதே தொகையை உரிமம் பெற்ற வட்டித் தொழில் செய்பவரிடம் ஈடில்லாமல் வாங்கினால், சட்டப்படி அவர் ஆண்டுக்கு நூற்றுக்கு 18க்கு மேல் வாங்கக் கூடாது. அது 540 வெள்ளி. நகையை உரிமம் பெற்ற அடகுக்கடையிலே வைத்தால், மாதம் நூற்றுக்கு 2 என்பது சட்டம் வகுத்த உச்ச வரம்பு. ஓராண்டுக்கு 720 வெள்ளி. பி.டி.பி.டி.என். கடனுக்கோ, ஆண்டுக்கு நூற்றுக்கு 1 தான். அதாவது 30 வெள்ளி.

ஒரே 3,000 வெள்ளி. ஓரிடத்திலே அதன் விலை ஆண்டுக்கு 30 வெள்ளி. இன்னோர் இடத்திலே 3,600 வெள்ளி. வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? நம் அவசரத்திலிருந்து வருகிறது. அவசரப்படாதவருக்குப் பணம் மலிவு. அவசரப்படுகிறவருக்குப் பணம் மிகவும் விலை அதிகம்.

ஆகவே, அந்த முதல் மாதச் செலவை முன்கூட்டியே கையிலே வைத்திருப்பதுதான் முக்கியமான காரியம். "கூலிக்கு உழைக்கிற எங்களால் அது முடியுமா?" என்று கேட்பீர்கள். முடியும் என்பதற்கு நம் சொந்தச் சரித்திரத்திலேயே சான்று இருக்கிறது.

நாடு விடுதலை பெற்ற காலத்திலே, வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகள் பலர் தங்கள் தோட்டங்களை விற்றுவிட்டுப் புறப்பட்டார்கள். வாங்கியவர்கள் தோட்டங்களைத் துண்டு துண்டாக வெட்டி விற்றார்கள். தலைமுறை தலைமுறையாக அங்கே உழைத்த தொழிலாளர்கள் வேலையையும் வீட்டையும் ஒரே நாளிலே இழந்தார்கள். தோட்டத் துண்டாடல் என்று பெரியவர்கள் இன்றும் வேதனையோடு சொல்வது அதைத்தான். அந்த நேரத்திலே, அமைச்சராக இருந்த துன் வீ.தி. சம்பந்தன் அவர்கள் தோட்டந்தோறும் சென்று ஒரு யோசனை சொன்னார். தொழிலாளர்களே சேர்ந்து தோட்டத்தை வாங்கிவிடலாம் என்பதுதான் அந்த யோசனை. 1960ஆம் ஆண்டிலே தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. ஒரு பங்கின் விலை 100 வெள்ளி. அதையும் மாதம் 10 வெள்ளியாகக் கட்டலாம் என்றார்கள்.

நாட்கூலியிலே சில வெள்ளி மட்டுமே கண்ட காலம் அது. 10 வெள்ளி என்பது அன்று சிறிய தொகை அல்ல. ஆனாலும் கட்டினார்கள். மறு ஆண்டே, அதாவது 1961இல், கெடாவிலே புக்கிட் சீடிம் தோட்டத்தைச் சங்கம் வாங்கிவிட்டது. பிறகு இன்னும் பல தோட்டங்கள் சேர்ந்தன. பால்வெட்டும் மக்கள் தோட்டத்துக்கே சொந்தக்காரர்கள் ஆனார்கள்.

இந்தச் சரித்திரத்தை நாம் மேடையிலே பெருமைக்காகச் சொல்லிக் கொள்கிறோம். அதிலே உள்ள பாடத்தை வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாமா? அந்த 10 வெள்ளியின் பலம் தொகையிலே இல்லை. மாதம் தவறாமல் கட்டினார்கள் என்பதிலே இருந்தது. அதைக் கையிலே வைத்துக்கொள்ளாமல் எட்டாத இடத்திலே போட்டார்கள் என்பதிலே இருந்தது. அதே வழியிலே நாம் ஒரு பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்ப முடியும்.

எப்படி? நாளுக்கு ஒரு வெள்ளி என்று எடுத்து வையுங்கள். மாதம் 30 வெள்ளி ஆகிறது. பிள்ளை ஒன்றாம் ஆண்டிலே சேர்ந்ததிலிருந்து ஐந்தாம் படிவம் முடியும்வரை 11 ஆண்டுகள். அதற்கு 132 மாதங்கள். லாப ஈவு ஒரு காசுகூடச் சேர்க்காமலே 3,960 வெள்ளி ஆகிவிடும். நாம் சற்று முன்னே சொன்ன முதல் மாதச் செலவு அதிலே அடங்கிவிடும். இது பட்டப்படிப்பின் முழுச் செலவுக்கும் போதாது. போத வேண்டிய அவசியமும் இல்லை. வட்டிக்காரரின் வாசலுக்குப் போகாமல் நம்மைக் காப்பாற்றினால் போதும். மீதியை மலிவான கடனும் உதவித்தொகையும் பார்த்துக்கொள்ளும்.

இந்தப் பணத்தை அரிசிப் பானைக்குள்ளோ அலமாரித் துணிக்கு அடியிலோ வைப்பதிலே பயனில்லை. தீபாவளி வரும், தைப்பூசம் வரும், உறவிலே கல்யாணம் வரும், பணம் கரைந்துவிடும். பி.டி.பி.டி.என். நடத்துகின்ற எஸ்.எஸ்.பி.என். என்ற கல்விச் சேமிப்புத் திட்டம் 2004ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. சிறு தொகையிலேயே பிள்ளையின் பெயருக்குக் கணக்குத் திறக்கலாம். பின்னாளிலே கல்விக் கடனுக்கு விண்ணப்பிக்கும்போது அந்தக் கணக்கு எப்படியும் தேவைப்படும். கடைசி நேரத்திலே திறப்பதை இன்றே திறந்துவிடலாம் அல்லவா? ஐந்தாம் படிவத்துக்கு வந்துவிட்ட பிள்ளை உள்ள வீட்டிலும் காலம் கடந்துவிடவில்லை. மாதம் 100 வெள்ளி ஓராண்டு போட்டாலும் 1,200 வெள்ளி. ஒன்றுமில்லாமல் நிற்பதைவிட அது எவ்வளவோ மேல்.

அடுத்து, உதவி கிடைக்கும் இடங்கள். இங்கே வரிசை முக்கியம். முதலிலே அரசாங்க நிலையங்களுக்கு உரிய விண்ணப்பத்தைக் குறித்த நாளுக்குள் அனுப்ப வேண்டும். யு.பி.யு. என்ற இணைய விண்ணப்பத்தைப் பற்றி பள்ளி ஆசிரியர் சொல்லுவார். வீட்டிலே இணைய வசதி இல்லையென்றால் பள்ளியிலேயே உதவி கேட்கலாம். இரண்டாவதாக, இடம் கிடைத்த உடனேயே பி.டி.பி.டி.என். விண்ணப்பம். குறைந்த வருமானக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு, கடன் வருவதற்கு முன்பே ஒரு முன்பணம் தருகின்ற ஏற்பாடும் உண்டு. அதைக் கேட்டு வாங்க வேண்டும். கேட்காதவருக்குத் தானாக வராது. முதல் வகுப்பிலே இளங்கலைப் பட்டம் பெற்று, உரிய நிபந்தனைகளையும் நிறைவு செய்கிற மாணவருக்கு அந்தக் கடனைத் திருப்பிக் கட்டுவதிலிருந்து விலக்கும் உண்டு என்பதைப் பிள்ளைக்குச் சொல்லி வையுங்கள். மூன்றாவதாக, நம் சமுதாய அமைப்புகள். பினாங்கு இந்து அறப்பணி வாரியம் வசதி குறைந்த உயர்கல்வி மாணவர்களுக்கு நிதியுதவி வழங்கி வருகிறது. நீங்கள் அங்கம் வகிக்கின்ற தொழிற்சங்கத்திலும் கூட்டுறவுச் சங்கத்திலும் உறுப்பினர் பிள்ளைகளுக்கு என்ன உதவி உண்டு என்று கேட்டுப் பாருங்கள். சந்தா கட்டுகிறவர்கள் கேட்பதிலே கூச்சம் எதற்கு?

இனி, ஊழியர் சேமநிதியைப் பற்றி ஒரு வார்த்தை. பிள்ளையின் உயர்கல்விக்காக இ.பி.எஃப். பணத்தை எடுப்பதற்குச் சட்டத்திலே இடம் இருக்கிறது. 2024ஆம் ஆண்டு மே மாதத்திலிருந்து, 55 வயதுக்கு உட்பட்டவர்களின் புதிய சந்தா மூன்று கணக்குகளாகப் பிரிக்கப்படுகிறது. நூற்றுக்கு 75 ஓய்வுக்காலக் கணக்குக்கும், 15 செஜாத்தெரா கணக்குக்கும், 10 ஃபிளெக்சிபெல் கணக்குக்கும் போகின்றன. கல்விக்கென்று எடுப்பது அந்த செஜாத்தெரா கணக்கிலிருந்துதான். ஆனால் எடுப்பதற்கு முன்னால் ஒன்றை நினைத்துப் பாருங்கள். தோட்டத்து வீடு நம் வீடு அல்ல. வேலை இருக்கும்வரை தங்குகின்ற வீடு. வேலையிலிருந்து ஓய்வு பெறுகின்ற நாளிலே, சாமான்களை ஏற்றிக்கொண்டு எங்காவது போயாக வேண்டும். வீடு வாங்க முன்பணம் கொடுப்பதற்கும் அதே கணக்கைத்தான் தொட வேண்டும். ஆகவே, பட்டத்துக்காக அதை முழுவதும் துடைத்துவிடாதீர்கள். மலிவான கல்விக் கடன் கிடைக்கிறபோது முதலில் அதைப் பயன்படுத்துங்கள். பிள்ளைக்குக் கடனைக் கட்ட நாற்பது ஆண்டு உழைப்புக் காலம் முன்னால் இருக்கிறது. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் அப்படி இல்லை.

இன்னோர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டியிருக்கிறது. தேர்வு முடிவு வந்த வாரத்திலே சில தனியார் கல்லூரிகளின் முகவர்கள் வீடு தேடி வருவார்கள். வண்ணத் தாள்களைக் காட்டி, "இன்றே பதிந்தால் கழிவு உண்டு" என்பார்கள். தனியார் கல்லூரிகளிலே நல்லவையும் உண்டு. அருகிலே கெடாவில், செமெலிங்கிலே உள்ள ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் நம் சமுதாயத்தின் முயற்சியால் 2001ஆம் ஆண்டிலே தொடங்கப்பட்டதுதான். ஆனால் எந்தத் தனியார் நிலையமானாலும் கையெழுத்துப் போடுவதற்கு முன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இந்தப் படிப்பை எம்.க்யூ.ஏ. என்ற மலேசியத் தகுதி நிர்ணய நிறுவனம் அங்கீகரித்திருக்கிறதா? முதலாண்டுக்கு மட்டுமல்ல, கடைசி ஆண்டு வரை மொத்தச் செலவு எவ்வளவு? பி.டி.பி.டி.என். கடன் அதிலே எவ்வளவு தரும், மீதியை மாதம் எவ்வளவாகக் கட்ட வேண்டும்? மூன்றுக்கும் எழுத்திலே பதில் தராதவரிடம் ஒரு காசும் கொடுக்காதீர்கள். பாதியிலே நின்றுபோன படிப்புக்குச் சான்றிதழ் கிடையாது. ஆனால் கடன் மட்டும் முழுசாக நிற்கும்.

தாய்மார்களே, தந்தைமார்களே! வீட்டு நிலையைப் பிள்ளையிடம் மறைத்து வளர்க்க வேண்டாம். "அப்பா எப்படியாவது பார்த்துக்கொள்வேன்" என்று சொல்வது பாசம்தான். ஆனால் மூன்றாம் படிவம் படிக்கிற பிள்ளையை அருகில் உட்கார வைத்து, சம்பளச் சீட்டைக் காட்டி, கடைக் கணக்கைக் காட்டி, சேமிப்புக் கணக்கையும் காட்டினால், அந்தப் பிள்ளை பொறுப்போடு படிக்கும். எந்தப் படிப்பை எந்த வழியிலே படித்தால் குடும்பம் தாங்கும் என்று தானே யோசிக்கும். போலிடெக்னிக்கிலே டிப்ளோமா முடித்து, வேலை பார்த்துக்கொண்டே பட்டம் படித்து உயர்ந்தவர்கள் உண்டு. நேர்வழி ஒன்றுதான் வழி என்பதில்லை.

மகளா, மகனா என்ற பேதமும் வேண்டாம். பணம் ஒருவருக்குத்தான் போதும் என்றால், யார் நன்றாகப் படிக்கிறார்கள் என்று பாருங்கள்; ஆணா பெண்ணா என்று பார்க்காதீர்கள். மகளுக்கு வாங்கி வைக்கின்ற நகையைத் திருடன் கொண்டுபோகலாம், அடகுக்கடை கொண்டுபோகலாம். அவள் கற்ற தொழிலை யாரும் கொண்டுபோக முடியாது.

படிக்கப் போகும் இளைஞர்களுக்கும் ஒரு சொல். நீங்கள் வாங்குகிற கல்விக் கடன் தானம் அல்ல. நீங்கள் திருப்பிக் கட்டுகிற பணம்தான் அடுத்து வருகிற பிள்ளைக்குக் கடனாகப் போகிறது. அந்தப் பிள்ளை உங்கள் தம்பியாகவோ பக்கத்து லயத்துத் தங்கையாகவோ இருக்கலாம்.

நேயர்களே, இந்த வாரமே செய்யக்கூடிய காரியங்கள் மூன்று உண்டு. ஒன்று, பிள்ளையின் பெயரில் ஒரு கல்விச் சேமிப்புக் கணக்கு. இரண்டு, வருமானச் சான்று, பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை நகல்கள் அத்தனையையும் ஒரே உறையிலே போட்டு ஓர் இடத்திலே வைப்பது. விண்ணப்ப நேரத்திலே ஒரு தாள் காணாமல் போனாலும் ஓர் ஆண்டு வீணாகும். மூன்று, பிள்ளையின் பள்ளிக்கு ஒரு நாள் போய், ஆசிரியரிடம் "எங்கள் பிள்ளைக்கு எந்த வாசல் பொருத்தம்?" என்று கேட்பது. அதற்காக அரை நாள் வேலை போனாலும் பரவாயில்லை.

மாதம் 10 வெள்ளி கட்டித் தோட்டம் வாங்கிய மக்கள் நாம். நாளுக்கு ஒரு வெள்ளி எடுத்து வைத்து, பிள்ளையைக் கல்லூரி வாசற்படி ஏற்றிவிட நம்மால் முடியும். இன்றைக்கே அந்த முதல் வெள்ளியை எடுத்து வையுங்கள்.